தம்பிக்கு மட்டும் கட்டிய வார்

தேங்காய் எண்ணெய் தடவிய பழைய தோலின் வாசனை... எங்கேயாவது மூக்கில் பட்டால் போதும், இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஆமாம், பொறாமைதான். நாற்பத்தாறு வயதில் ஒப்புக்கொள்ள என்ன வெட்கம்?

அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. செகந்திராபாத்தில் குவார்ட்டர்ஸ். தம்பிக்கு நடை வந்த கையோடு ஓட்டமும் வந்துவிட்டது. கதவு திறந்தால் ரோட்டில் நிற்பான். ஒருநாள் அவனுக்கு ரெண்டடி தள்ளி ஒரு லாரி கிறீச்சென்று நின்றது. அன்று சாயங்காலமே அப்பா கிழிந்துபோன ஹோல்டாலைப் பரணிலிருந்து இறக்கினார். ரயிலில் போகும்போது படுக்கை சுருட்டிக் கட்டுவோமே, அதேதான். அதன் தோல் வார்கள் ரெண்டையும் வெட்டி, செருப்பு தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வந்தார்.

ஒரு வார் தம்பியின் மார்பைச் சுற்றி, பக்கிள் முதுகுப் பக்கம். இன்னொன்று அதிலிருந்து நீண்டு, அம்மாவின் மணிக்கட்டில் வளையமாக மாட்டியிருக்கும்.

எனக்கு ஏழு வயது. எனக்குக் கிடைத்தது காய்கறிப் பை.

எங்கள் வரிசையில் நாலு வீடு சேர்ந்து ஒரு ஏற்பாடு. வாரம் ஒரு வீட்டார் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய், மொத்தமாகக் கூடைக் கணக்கில் வாங்கி வந்து பங்கு போட வேண்டும். எங்கள் முறை வந்தால் அம்மா, அவள் கையில் வார், வாரின் நுனியில் தம்பி, கடைசியில் பையோடு நான்.

தம்பியைப் பார்த்ததும் மார்க்கெட்டே சிரிக்கும். தக்காளிக்காரர் ஒருவர் தவறாமல் கேட்பார். "கைக்கு பாந்தே அம்மா? பக்ரா ஹை க்யா?" ஏன் கட்டியிருக்கிறீர்கள், ஆட்டுக்குட்டியா என்று.

"ஹவ் பையா, சோடே தோ பாக் ஜாத்தா!" விட்டால் ஓடிவிடுவான் என்று அம்மாவும் சிரிப்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும் பாருங்கள்... அதுதான் எனக்குத் தாங்காது.

அவன் இழுப்பான். அவள் திரும்பாமலே, "ஓடாத கண்ணா" என்பாள். நான் ஓடாமல் நடந்தது என்ன குற்றமா? என்னை ஒருநாளும் அவள் கண்ணா என்றதில்லை. "பையைத் தரையில இழுக்காதடி" என்பதுதான் எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்று, தம்பியின் பக்கிளை மெதுவாகக் கழற்றினேன். அவனை முட்டைக்கோஸ் மூட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் ஒரு கேரட்டைக் கொடுத்தேன்.

"இங்கயே இருடா. அக்கா இப்ப வந்துடுவேன்."

வாரை என் மார்பில் சுற்றினேன். மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் கடைசி ஓட்டையில் மாட்டியது. அம்மா கிளம்பினாள். நானும் போனேன். வெங்காயம், மிளகாய், இஞ்சி... அவள் திரும்பவே இல்லை. வேண்டுமென்றே ஒரு இழுப்பு இழுத்தேன்.

"ஓடாத கண்ணா."

அடேயப்பா! அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட சந்தோஷம் இருக்கே... இன்னொரு தரம் இழுத்தேன். இன்னொரு கண்ணா கிடைத்தது.

மூன்றாவது தரம் இழுத்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. என்னை அப்படியே வாரோடு இழுத்துக்கொண்டு ஓடினாள். முட்டைக்கோஸ் மூட்டை இருந்தது. தம்பி இல்லை. கேரட் மட்டும் கிடந்தது. சுற்றிலும் தள்ளுவண்டிகள், மூட்டை ஏற்றும் லாரிகள். "அய்யோ என் புள்ள... என் புள்ள" என்று அம்மா கத்தினாள்.

கடைசியில் சுரைக்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு கூலிக்காரம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஈ பாபு மீவாடேனா அம்மா?" உங்க பிள்ளையா என்று கேட்டாள். அவன் அவள் கொடுத்த கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் பக்கிளைக் கழற்றி, வாரை மறுபடி தம்பிக்கு மாட்டினாள். அழுதுகொண்டே கேட்டேன்.

"என்னை மட்டும் ஏம்மா நீ கட்டவே மாட்டேங்கற?"

"நீ எங்கடி போயிடப் போற?" என்றாள், ரொம்ப அசதியாக.

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. தம்பி கனடாவுக்குப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. நான் செகந்திராபாத்துக்குப் பக்கத்திலேயே, உப்பலில்தான் இருக்கிறேன். அம்மா என்னோடுதான்.

போன மாதம் அவன் ரெண்டு வயது மகளோடு வந்திருந்தான். அவள் முதுகில் கரடி பொம்மை மாதிரி ஒரு பை, அதிலிருந்து ஒரு கயிறு தம்பி கையில். மால் முழுக்க அம்மா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து ஒரு துணி மூட்டையை எடுத்தாள். அதே ஹோல்டால் வார்! இத்தனை வருஷமாக எண்ணெய் தடவி வைத்திருக்கிறாள். மூட்டையோடு அவன் கையில் கொடுத்தாள்.

பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒரு பேச்சுக்குக்கூடக் காட்டவில்லை.

ஏர்போர்ட்டில் அவன் உள்ளே போனான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் உர்ரென்று பார்க்கிங் பக்கம் நடந்தேன். நாலடி போயிருப்பேன், துப்பட்டா இழுத்தது. திரும்பினால், அதன் நுனியைக் கையில் ரெண்டு சுற்று சுற்றிக்கொண்டு அம்மா வருகிறாள்.

"நான்தான் எங்கயும் போகமாட்டேனே. எதுக்கு இது?" என்றேன்.

"நீ போகமாட்டடி. நான்தான் தொலைஞ்சுடுவேன்னு பயமா இருக்கு... ஓடாத கண்ணா, மெதுவாப் போ."

இதை அப்படியே போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பி, அவன் வயிறு எரிய வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஆனால் போனை எடுக்க நின்றால் அவள் பிடியை விட்டுவிடுவாளோ என்னவோ. நிற்காமல் நடந்தேன், மெதுவாக.