அரக்கு வைத்த தாலி

பிக்பாக்கெட்காரனைவிட அன்றைக்கு அந்த பஸ்ஸில் வந்தவர்கள் மேல்தான் எனக்கு இன்றுவரை வெறுப்பு. அவன் திருடன், திருடினான். இவர்கள் யோக்கியர்கள்.

தம்பி கல்யாணத்துக்குத் தாலி செய்யக் கொடுத்திருந்தோம். புதுக்கோட்டையில் பத்தரிடம் வாங்கிக்கொண்டு ஆலங்குடி பஸ் ஏறினேன். தாலியைப் பையில் போடக் கூடாது, கீழே வைக்கக் கூடாது, மஞ்சள் துணியில் முடிந்து மடியில் கட்டி வரவேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்படியே செய்தேன். முகூர்த்த மாதத்தில் ஒருவன் மடியில் மஞ்சள் துணி பிதுங்கினால் உள்ளே இருப்பது பொரிகடலையா? நானே தம்பட்டம் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சந்தை நாள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பிளேடு பட்டது தெரியவில்லை. மடி லேசானது தெரிந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரனின் மணிக்கட்டைப் பிடித்தேன். கைக்குள் என் துணி இருந்தது.

அதற்கப்புறம் பார்க்கவேண்டுமே வீரத்தை. எட்டாதவன்கூட அடுத்தவன் தோளுக்கு மேலே கைநீட்டி அடித்தான். ஒரு பெரிய மனிதர் கை வலிக்கிறது என்று செருப்பைக் கழற்றினார். பஸ் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது. ஏட்டு பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, "யார் யார் பாத்தீங்க? சாட்சிக்கு வாங்க" என்றார். பஸ்ஸே ஊமையாகிவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாராம். செருப்புக்காரர், "நான் தூங்கிக்கிட்டுல்ல வந்தேன்" என்றார்.

தாலியை ஏட்டு கவரில் போட்டு அரக்கு வைத்தார். கேஸ் முடிந்தால்தான் கிடைக்கும் என்றார். கல்யாணமோ அடுத்த வாரம். கோர்ட்டில் மனுப் போட்டோம். அது என்னுடையதுதானா என்பதே கேஸில் தீரவேண்டிய விஷயம் என்று தள்ளிவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா பந்தல் போடவே மாட்டேன் என்றார். தாலியைக்கூடக் காப்பாற்றத் தெரியாத வீட்டில் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார். காலில் விழாத குறையாகப் பேசி, மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டித் தம்பி கல்யாணத்தை முடித்தோம். பந்தியில் அந்தச் செருப்புக்காரரும் இருந்தார். பெண் வீட்டுக்கு ஏதோ உறவாம். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டு கிழங்கைப் பற்றிப் பேசினார்.

கேஸ் வாய்தா மேல் வாய்தா போனது. எதிர்த்தரப்பு வக்கீல், உங்கள் ஆட்கள் தாலி எல்லாமே இந்த மாதிரிதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் இது உங்களுடையதுதான் என்பதற்கு என்ன அடையாளம் என்றார். பிறகென்ன, பொதுச் சாட்சி ஒருவரும் இல்லை, அவனுக்கு விடுதலை. தாலிக்கு இல்லை. அப்பீல் காலம் முடியவேண்டுமாம்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவனே எதிரில் வந்தான். அதே வெள்ளைச் சட்டை.

"அண்ணே, தாலி வந்துருச்சா?"

"இல்லடா."

"என்னய அன்னைக்கே விட்டுட்டாய்ங்க. ஒங்களத்தான் அலைய விடுறாய்ங்க" என்று வருத்தப்பட்டுவிட்டுக் கூட்டமான பஸ்ஸாகப் பார்த்து ஏறினான். அதுவரை என்னிடம் அக்கறையாக விசாரித்தவன் அவன் ஒருவன்தான்.

கடைசியில் தாலி வந்தது. ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் கிடந்தது தன் மகள் கழுத்துக்கு வேண்டாம் என்றார் சம்பந்தி. அதே பத்தரிடம் உருக்கிப் புதிதாகச் செய்து வாங்கினேன். மஞ்சள் துணியும் வேண்டாம், மடியும் வேண்டாம் என்று, கருவாட்டுப் பொட்டலத்துக்குள் செருகி எடுத்துவந்தேன். பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைவிட்டு விலகி நின்றார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றடியில் தாலியைக் கழுவினேன்.