குடும்பத்துக்கு ஒரு நிறம்

அப்பாவுக்கு எழுபது முடிந்த வருஷம் தம்பி பெங்களூரிலிருந்தும் தங்கை சென்னையிலிருந்தும் குற்றாலச் சீசனுக்கு வந்தார்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் அந்த மூன்று நாளில், வயல்வெளியில் வைத்து ஒரு குடும்பப் படம் எடுத்துவிட வேண்டும் என்று தம்பி மனைவி மூன்று மாதம் முன்பே சொல்லியிருந்தாள். நாங்கள் அனைவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட கடைசிப் படம் தங்கையின் கல்யாணத்தில் எடுத்தது. அதில் அப்பா இல்லை. பந்தியைக் கவனிக்கப் போயிருந்தார். அதனால் இந்த யோசனைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

நான் மூத்தவள். வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தென்காசியில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் ஆலங்குளத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் வருவதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். வீட்டில் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. எனக்கும் அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை.

தம்பி மனைவி எதையும் திருத்தமாகச் செய்கிறவள். குடும்ப குரூப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். தம்பி குடும்பத்துக்கு நீலம், தங்கை குடும்பத்துக்கு ரோஸ், அப்பா அம்மாவுக்கு மெரூன். போட்டோ எடுக்கிற பையன் சொன்னதாகச் சில விதிகளும் இருந்தன. பொடிக் கட்டம் வேண்டாம், எழுத்துப் போட்ட பனியன் வேண்டாம், பின்னால் வயல் இருப்பதால் பச்சை கூடவே கூடாது.

பட்டியலில் நான் இல்லை. மறந்துவிட்டாளோ என்று நினைப்பதற்குள் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "மதினி, நீங்க என்ன கலர்னு சொல்லுங்க. உங்க இஷ்டந்தான். சாம்பல் கலர்னா எல்லாத்தோடயும் சேரும்னு தோணுது."

அப்போது பஸ் பாவூர்சத்திரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. செய்தியை இரண்டு முறை படித்தேன். அவள் மேல் கோபம் வரவில்லை. குடும்பத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்தால் என்னை எங்கே வைப்பது என்ற சிக்கல் யாருக்கும் வரத்தான் செய்யும். அவளாவது கேட்டாள். தங்கை கூப்பிட்டு, அம்மாவுக்கு எடுக்கிற மெரூனிலேயே நானும் ஒன்று எடுத்துக்கொள்ளலாமே என்றாள். அம்மாவின் அபிப்பிராயமும் அதுதான். மெரூன் கட்டிக்கொண்டு அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றால் நாற்பத்தாறு வயதிலும் பிள்ளையாகத்தான் தெரிவேன் என்று தோன்றியது. சாம்பல் எனக்குப் பிடிக்காது. பீரோவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை இருந்தது. இரண்டு தடவைதான் கட்டியிருந்தேன். அதையே கட்டிக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். அவள் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்து இறங்கினார்கள். ஞாயிறு காலையில் போட்டோ. சனிக்கிழமை மத்தியானம் தங்கை குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். தம்பியும் தங்கை மாப்பிள்ளையும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். தம்பியின் மகள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அவளுக்குப் பதினான்கு வயது. வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ பார்ப்பதுதான். எங்களுக்குள் பெரிய பேச்சு எதுவும் இருந்ததில்லை. ஊக்கு இருக்கிறதா என்று கேட்டாள்.

எத்தனை வேண்டும் என்றேன். அவள் பதில் சொல்லாமல் துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். நீலப் பாவாடைக்கு உரிய சட்டையைப் போட்டிருந்தாள். முதுகில் கொக்கிகள் மாட்டவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. பக்கவாட்டில் தையலைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். உள்ளே விடுவதற்குத் துணி இல்லை.

இரண்டு மாதம் முன்பு அளவு கொடுத்துத் தைத்தது. அதற்குள் உடம்பு வைத்துவிட்டது. அவளுடைய அம்மா ஏற்கெனவே சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். தட்டில் இரண்டாவது தோசை விழும்போது ஒரு பார்வை பார்ப்பாளாம். இது தெரிந்தால் ஊருக்குத் திரும்புகிறவரை அதே பேச்சாக இருக்கும் என்றாள். அழவில்லை. அடுத்த வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அத்தை, நான் உங்க கலர்ல வரட்டுமா? நீலம் பிடிக்கலன்னு சொல்லிடறேன். இத மட்டும் அம்மாகிட்ட சொல்லாதீங்க."

சரி என்றேன். அதிகம் யோசிக்கவில்லை. கத்தரிப்பூச் சேலையைப் பையில் வைத்துக் குடையையும் எடுத்துக்கொண்டு இருவரும் ரத வீதிக்குப் போனோம். சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மூன்று கடை ஏறி இறங்கியபின் கத்தரிப்பூ நிறத்தில் முழங்கால்வரை வருகிற தொளதொளப்பான ஒரு டாப் கிடைத்தது. கடைப்பெண் ஒரு அளவு சின்னதாக எடுத்துத் தந்தாள். நான் பெரியதைக் கேட்டேன். போட்டுப் பார்க்கிற அறையிலிருந்து வெளியே வந்தபோது பிள்ளை கைகளை மேலே தூக்கி இறக்கிப் பார்த்தாள். எங்கும் இறுக்கவில்லை என்ற திருப்தி அவள் முகத்தில் தெரிந்தது. திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்தைப் பற்றி நிறையப் பேசினாள்.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். நீலம் வேண்டாம், அத்தையோடு சேர்ந்து நிற்கப் போகிறேன் என்றாள். தம்பி மனைவி முதலில் சிரித்தாள். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா யோசிச்சு எடுத்தேன் மதினி. ஒரே நாள்ல மாத்திட்டீய."

சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி, போட்டோவில் என்ன இருக்கிறது, எந்தக் கலராக இருந்தால் என்ன என்று நடுவில் நுழைந்தான். அதனால் அவள் கோபம் இன்னும் கூடியது. எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

அடுப்படியில் அம்மா என்னிடம், "ஏட்டி, அவ பிள்ள விஷயத்துல நீ எதுக்குத் தலையிடுத? பிள்ளைய நீ இழுத்துக்கிடுதன்னு நெனைப்பால்லா" என்றாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே சொன்னாள்.

அம்மா சொன்னது என்னை யோசிக்கவைத்தது. பிள்ளைக்குக் கொடுத்த வாக்குக்காக மட்டும்தான் பேசாமல் இருந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. கடையில் அந்த டாப்பை என் சேலை முந்தியோடு வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே நிறம்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் நிறத்தில் இன்னொருத்தி இருக்கிறாள் என்ற சந்தோஷம். அப்படி ஒன்று எனக்குத் தேவைப்பட்டது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அது நல்லதா கெட்டதா என்று பார்க்கப் போகவில்லை. பால்காரரிடம் மறுநாளைக்குக் கூடுதலாக ஒரு லிட்டர் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். கிளம்புவதற்கு முன் தம்பி மனைவி மகள் தங்கியிருந்த அறைக்குள் போனாள். கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று போயிருப்பாள். பிள்ளை அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி மனைவி அறையிலிருந்து வெளியே வந்து நேராக வாசலுக்குப் போனாள். காரில் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மேலகரம் தாண்டி ஒரு வயல் பாதையில் போட்டோக்காரப் பையன் காத்திருந்தான். நடவு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வயலெல்லாம் தண்ணீராகக் கிடந்தது. பின்னால் மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. அவன் எங்களை நிறம்பார்த்து நிறுத்தினான். மெரூன் நடுவில், நீலம் ஒரு பக்கம், ரோஸ் இன்னொரு பக்கம். எங்கள் இரண்டு பேரையும் கடைசியில் ரோஸுக்கு அப்பால் நிற்கச் சொன்னான். நின்றோம். நான்கைந்து படம் எடுத்தான். பிறகு கேமராவில் எதையோ மாற்றுவதற்காகக் குனிந்தான்.

தம்பி மனைவி வரப்பில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பிள்ளை தங்கையின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றிருந்தாள்.

"மதினி, அந்தச் சட்டை அவளுக்குப் பத்தலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டா."

அவள் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது. "தையல பிரிச்சிருக்கா மதினி. எனக்குத் தெரியாம உக்காந்து பிளேடு வச்சுப் பிரிச்சிருக்கா" என்றாள். பிறகு, "நான் அவ்வளவுக்கா பயங்காட்டுதேன்?" என்று கேட்டாள்.

அவள் பதிலுக்காக நிற்கவில்லை. நேராகப் போட்டோக்காரப் பையனிடம் போய், கலர் கலராகப் பிரிக்க வேண்டாம், எல்லோரும் கலந்து நிற்கட்டும் என்றாள். செட் உடைந்துவிடும் அக்கா, பார்க்க நன்றாக இருக்காது என்று அவன் சொன்னான்.

"உடையட்டும் தம்பி. நீங்க எடுங்க."

பிறகு அவளே எங்களை நிறுத்தினாள். என்னை அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் நிறுத்தினாள். தங்கையை அம்மாவுக்குப் பக்கத்தில். தங்கை மாப்பிள்ளையைத் தம்பியோடு. கடைசியில் மகளைக் கைபிடித்துத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தோளில் கைபோட்டாள். பிள்ளை முதலில் விறைப்பாக நின்றாள். அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். நம்பினாளா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கேமராவைப் பார்த்தார்கள்.

கால்மணி நேரத்தில் சாரல் வலுத்துவிட்டது. அப்பாவுக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று அம்மா சத்தம் போட்டாள். எல்லோரும் காருக்கு ஓடினோம். வழியில் கடையில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். தம்பி மனைவி மகளின் இலையைப் பார்க்காமலிருக்கப் பிரயாசைப்படுவது தெரிந்தது. பிள்ளை மூன்று இட்லி சாப்பிட்டாள். இன்னொன்று வைக்கச் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே தம்பி குடும்பம் கிளம்பிவிட்டது. அம்மாவும் மகளும் அதைப் பற்றிப் பேசினார்களா என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துப் படங்கள் வந்தன. போட்டோக்காரப் பையன் எல்லோர் முகத்தையும் மழமழவென்று ஆக்கியிருந்தான். அப்பாவின் கன்னத்து மச்சம்கூடக் காணவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அம்மா இரண்டு தடவை போன் செய்தாள். மச்சம் வந்தபிறகு கலந்து நின்ற படத்தில் ஒன்றைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை என்னைக் கூப்பிடுகிறாள். ஐந்து நிமிஷம் பேசுவாள். கணக்கு டீச்சர், பஸ்ஸில் இடம் பிடிக்கிற தோழி, தெருவில் குட்டி போட்ட நாய் என்று ஏதாவது இருக்கும். பேசி முடித்தபின் சில நாள் போன் அவள் அம்மாவிடம் போகும். அவள் இங்கே மழை எப்படி என்று கேட்பாள். நான் சொல்வேன்.