மூன்றாவது ஊதாப் புள்ளி

கல்லூரி வேதியியல் செய்முறைத் தேர்வன்று விடிகாலையிலும் அம்மா என்னை இறால் உரிக்க உட்கார வைத்தாள். "ஒரு கை உரிச்சுக் குடுத்துட்டுப் போ தாயி, சந்தைக்கு நேரமாவுது." ஆத்திரத்தில் கண் மண் தெரியாமல் உரித்தேன். இந்தத் தேர்வில் தவறினால் படிப்பு போதும், இறால் கொட்டகைக்குப் போ என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். எலுமிச்சம்பழத்தை விரல்களில் தேய்த்துக் கழுவிவிட்டு காரைக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். தினமும் அப்படித்தான். மீன்காரி வீட்டுப் பெண் என்று வகுப்பில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

கொடுத்த கரைசலில் எத்தனை அமினோ அமிலங்கள் கலந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். வடிதாளின் அடியில் ஒரு சொட்டு வைத்து, அதற்கும் கீழே உள்ள நுனியை மட்டும் ஜாடித் திரவத்தில் நனைய விடுவோம். திரவம் மெல்ல மேலே ஏறும், கலவையும் கூடவே ஏறும். சந்தைக்கு ஒன்றாகக் கிளம்பும் பெண்களில் வழியில் நின்று கதை பேசுகிறவள் பின்தங்கிவிடுவாள் அல்லவா? தாளோடு ஒட்டிக்கொள்வது அப்படிக் கீழேயே தங்கும். திரவத்தோடு ஓடுவது மேலே போகும். பிரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால்தான் அமினோ அமிலம் உள்ள இடங்கள் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும்.

தாளை இடுக்கியால்தான் தூக்க வேண்டும். இருந்த ஒரே இடுக்கி அடுத்த மேசையில். அதற்குள் என் தாள் ஜாடிக்குள் சரியத் தொடங்கியது. பதறிப்போய் நடுவில் கையாலேயே பிடித்துத் தூக்கிவிட்டேன்.

சூடு காட்டியதும் இரண்டு புள்ளிகள் வந்தன. பிறகு, அவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று. குனிந்து பார்த்தேன். மூன்றாவதில் மட்டும் மெல்லிய ரேகைகள், குறுக்கே ஒரு கீறல். இறாலின் மூக்கு முள் கிழித்த என் கட்டைவிரல் தழும்பு.

வெளியூர்த் தேர்வாளர் வந்து நின்றார். "எத்தனைம்மா?"

"ரெண்டு சார்."

"மூணு தெரியுதே?"

"கை பட்டுடுச்சு சார்."

"சும்மா கை பட்டா இவ்வளவு அழுத்தமா வராதும்மா. கலவையில உள்ளது இல்லன்னு எப்படிச் சொல்ற?"

சொல்லாவிட்டால் கொட்டகை. சொன்னால் நாளை முதல் இந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

"காலையில இறால் உரிச்சேன் சார். எங்க வூட்ல மீன் யாவாரம். இறால்ல உள்ள அமினோ அமிலம் எவ்வளவு கழுவுனாலும் போவாது." கட்டைவிரலைத் தாளின் பக்கத்தில் நீட்டினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் விரலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டுதான்" என்று சொல்லி மதிப்பெண் போட்டார்.

சாயங்காலம் அம்மா என் கையைப் பார்த்துப் பதறினாள். மருந்து பட்ட விரல்நுனிகள் எல்லாம் ஊதா. "என்னடி இது, கண்டதையும் தொட்டியா?" எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்துவந்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"விடும்மா," என்றேன், "இருந்துட்டுப் போவட்டும்."