ஆப்பிள் வாங்காத வீடு

அக்டோபர் பாதி தாண்டினால் டோலினா மெக்கலே வீட்டில் ஆப்பிள் வாங்கமாட்டார்கள். கொட்டை வகைகளும் கிடையாது. அக்டோபர் கடைசி நாளான ஹாலோவீன் அன்று வேஷம் போட்டு வரும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தீவு ஊரான ஆர்ட்வெக்கில் கொடுப்பது இந்த இரண்டையும்தான். அவை வீட்டில் இருந்தாலே யாராவது ஏதாவது நினைப்பார்கள் என்பது அவள் கணக்கு. நவம்பர் முதல் வாரம் கழிந்து அவள் கடைக்குப் போகும்போது நல்ல பழமெல்லாம் போயிருக்கும். அடிபட்டதை வாங்கி வந்து, அழுகிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தின்பார்கள். அதிலும் அவளுக்கு ஒரு திருப்தி.

கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் அறுபது பிள்ளைகளுக்குச் சமைத்தவள். எந்தப் பிள்ளைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும், எது காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஞாயிறு பள்ளியும் அவள் பொறுப்புதான். ஞாயிறு ஓய்வுநாள், வேலை செய்யக்கூடாது என்று சனிக்கிழமை இரவே மறுநாளைக்கான உருளைக்கிழங்கைத் தோல் சீவித் தண்ணீரில் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை முட்டையிடும் கோழியை டோலினா முறைத்துப் பார்ப்பாள் என்று ஊரில் கேலி உண்டு. கேலி செய்தவர்களும் தங்கள் பிள்ளைகளை அவளிடம்தான் அனுப்பினார்கள்.

அவளுடைய எதிர்ப்பு வெறும் வீம்பு அல்ல, அடியில் பயம் இருந்தது. இருட்டை விளையாட்டுக்குக்கூடக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் வந்துவிடும் என்று மனதார நம்பினாள். அவள் கணவன் முர்டோ பேருந்து ஓட்டுபவன், சபையில் மூப்பன், அவனுக்கே அது புரியவில்லை.

"நானும் சின்ன வயசுல வேஷம் போட்டவன்தான். எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்பான்.

"முளைக்கலைன்னு நீங்களா சொல்லிக்கக் கூடாது" என்பாள் அவள்.

பக்கத்து வீட்டுப் பெக்கி தெற்குத் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கத்தோலிக்கக்காரி. அவள் இன்னும் ஒரு படி மேலே போவாள்: "ஏன்டி டோலினா, எங்க ஊர்ல அன்னிக்குச் செத்தவங்களுக்குச் செபம் பண்ணுவோம், வர்ற பிள்ளைங்களுக்கு ரொட்டியும் குடுப்போம். ரெண்டையும் ஒரே கர்த்தர்தான்டி பாத்துக்கிட்டிருக்காரு."

சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது காற்று என்பதுபோல டோலினா தன் வேலையைப் பார்ப்பாள்.

அந்த ஊர் வழக்கம் இப்படி. பிள்ளைகள் ஆட்டுத்தோலும் பழைய சாக்கும் போர்த்தி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட துணியால் முகத்தை மூடிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் கதவு கதவாகப் போவார்கள். வாய் திறக்கமாட்டார்கள். திறந்தாலும் குரல் அடையாளம் தெரியாமலிருக்க மூச்சை உள்ளே இழுத்தபடியேதான் பேசுவார்கள். கேட்பவர்களுக்கு முதுகு சில்லிடும். யார் பிள்ளை என்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்துப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பிள்ளைகள் துணியை விலக்குவார்கள், ஆப்பிள் கைக்கு வரும்.

டோலினாவுக்கு இஷ்பெல் என்று ஒரே மகள். சிரித்தால் கடற்கரை வரை கேட்கும். ஒன்பது வயதில் அவள் செய்த காரியம், அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவின் கொட்டகையிலிருந்து ஆட்டுத்தோலை எடுத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து, தன் வீட்டுக் கதவையே தட்டியது.

அன்று வீட்டில் ஜெபக்கூட்டம். அந்த நாளுக்கு எதிராக டோலினாவே கூட்டியது. சபைப் பெண்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டோலினா கதவைத் திறந்ததும் மற்ற பிள்ளைகள் ஓடிவிட்டன. ஆட்டுத்தோல் மட்டும் நின்றது. தோலுக்குக் கீழே சாம்பல் நிறக் காலுறை, அதன் முழங்காலில் பழுப்பு நூல் ஒட்டுத் தையல். காலையில் டோலினா தன் கையால் போட்ட தையல்.

"நான் யாரு?" என்றது மூச்சு உள்ளே போகும் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் பாட்டு நின்றுவிட்டது. ஒன்பது பேரும் பார்க்கிறார்கள் என்று டோலினாவுக்குத் தெரிந்தது. பெயரைச் சொன்னால் மானம் போயிற்று.

"நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னு எனக்குத் தெரியாது. போ" என்று கதவைச் சாத்தினாள்.

பத்து நிமிடத்தில் இஷ்பெல் முகம் கழுவி, தலை வாரி, பின்கட்டு வழியாக வந்து பெண்களோடு உட்கார்ந்தாள். டோலினா அவளை அதட்டவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து இஷ்பெல் நல்ல பிள்ளை ஆகிவிட்டாள். ஊரே மெச்சியது. சொன்னதைச் செய்தாள், இன்னொரு கரண்டி கேட்கவில்லை, எதற்கும் அடம் பிடிக்கவில்லை. சங்கீதம் பாடினால் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே சீராகப் போனது. சிரிக்கவில்லை. காலையில் படுக்கை தட்டிப் போடும்போது அது யாரும் படுக்காததுபோலச் சில்லென்று கிடப்பதை டோலினா கண்டாள். ஒட்டுப் போட்ட அந்தக் காலுறை அதற்குப் பிறகு துவைக்க வரவே இல்லை.

"நம்ம பொண்ணு சிரிச்சு எத்தனை நாளாச்சு, டோலினா?" என்று கேட்டான் முர்டோ.

"வயசு ஏறினா அடக்கம் வரும்" என்றாள்.

மறு வருடம் அதே நாள், அதே ஜெபக்கூட்டம். கதவு தட்டிற்று. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. இஷ்பெல் மட்டும் மேஜையருகிலிருந்து தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். டோலினா போய்த் திறந்தாள்.

ஆட்டுத்தோல் நின்றிருந்தது. மழையில் ஊறிய நாற்றம். சாம்பல் காலுறை, முழங்காலில் பழுப்புத் தையல். போன வருடத்தைவிட இரண்டு விரல் உயரம். டோலினா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மகள் மேஜையருகில்தான் இருந்தாள்.

"நான் யாரு?" என்று மூச்சு உள்ளே போயிற்று. இம்முறை சிரிப்பு இல்லை.

டோலினா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அதற்கடுத்த வருடமும் வந்தது. அதற்கும் அடுத்த வருடமும். ஒவ்வொரு முறையும் இஷ்பெல் எவ்வளவு வளர்ந்தாளோ அவ்வளவு அதுவும் வளர்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் மேஜையருகில் இருந்தவள் தலை நிமிர்ந்து, காத்திருந்து, கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் மறுபடி குனிந்துகொண்டாள்.

ஒருநாள் துணி உலர்த்தும்போது பெக்கியிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்: "வந்த பிள்ளைக்குப் பேரு சொல்லாம அனுப்பிட்டா என்னாகும், பெக்கி அக்கா?"

பெக்கி துணியைக் கீழே வைத்தாள். "தெரியாம சொல்லாட்டா ஒண்ணுமில்லடி. தெரிஞ்சும் சொல்லாட்டா, அது எப்படி வீடு திரும்பும்? வெளியதான நிக்கும்."

இருட்டைக் கூப்பிடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தன் பிள்ளையை அதற்குள் நிறுத்திவைத்தவளும் தானே என்று டோலினாவுக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய? சொல்வதென்றால், அந்த ஒன்பது பேர் முன்னால் தான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லக்கூடாது என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். இன்னும் நான்கு வருடம் கதவைச் சாத்தினாள். இதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது. வீண் கௌரவம், அவ்வளவுதான்.

இஷ்பெல்லுக்குப் பதினேழு வயதானது. கிளாஸ்கோவில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. நவம்பர் முதல் தேதி காலைக் கப்பல். பெட்டி கட்டி நடையில் வைத்தாயிற்று. ஊரை விட்டுப் போவதில் அவளுக்கு வருத்தமும் தெரியவில்லை, ஆசையும் தெரியவில்லை. இப்படியே கப்பலேறினால் போகிறவள் இப்படியே போவாள், கதவுக்கு வெளியே நிற்பவள் கடைசிவரை வெளியேதான் என்று டோலினாவுக்குத் தெரிந்தது. இனி ஒரு வருடம் இல்லை.

கப்பலுக்கு முந்தின நாள், ஹாலோவீன் மாலையும் ஒன்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு நடுவில் கதவு தட்டிற்று. இஷ்பெல் தலை நிமிர்ந்தாள்.

டோலினா திறந்தாள். தன் உயரத்துக்கே நின்றது ஆட்டுத்தோல். வாசல் விளக்கு அதன்மேல் பட்டும் கண் ஓட்டைகளுக்குள் எதுவும் தெரியவில்லை.

"நான் யாரு?"

"இஷ்பெல்" என்றாள் டோலினா. உள்ளே எல்லோரும் கேட்கும்படி மறுபடி சொன்னாள்: "நீ இஷ்பெல். எம் பொண்ணு. அன்னிக்கே தெரியும் எனக்கு. தையலைப் பாத்தேன், தெரிஞ்சுதான் தெரியாதுன்னேன். இவங்க முன்னால பொய் சொன்னேன்டி. உள்ள வா, கண்ணு."

பாட்டு நின்றுவிட்டது. வாசலைத் தாண்டி ஒரு குளிர் அவளை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. கால்மிதியின்மேல் ஆட்டுத்தோல் தொப்பென்று விழுந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை போர்த்தும் அளவுதான் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, ஒட்டுப் போட்ட ஒற்றைக் காலுறையைத் தவிர.

"யாரு டோலினா, வாசல்ல யாருமே இல்லையே?" என்றாள் ஒருத்தி பயந்துபோய்.

அப்போது மேஜையருகிலிருந்து சிரிப்பு வெடித்தது. அந்தப் பழைய சிரிப்பு. பெண்கள் பதறி எழுந்தார்கள். இஷ்பெல் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"கண்டுபுடிக்க எட்டு வருஷமாம்மா உனக்கு? கால் விறைச்சுப்போச்சு."

டோலினா ஓடிப்போய் அவள் கைகளைப் பற்றினாள். வெளியே வெகுநேரம் நின்றவர்களுடையதுபோல ஈரமாக, சில்லென்று இருந்தன.

"என்ன வேணும்டி? சொல்லு, என்ன வேணும்?"

இஷ்பெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள். எட்டு வருடத்தில் அவள் கேட்ட முதல் பொருள் அது.

"பேரைச் சொல்லிட்டேல்ல? ஆப்பிளைக் குடு."

வீட்டில் ஆப்பிள் இல்லை. சபைப் பெண்கள் ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தலையில் துணிகூடப் போடாமல், மழையில் பெக்கி வீட்டுக் கதவைத் தட்ட ஓடினாள் டோலினா.