முட்புதர் என்று நான் எழுதிய கிணறு

எங்கள் ஊரை நான் மேலிருந்துதான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். தண்டலத்தில் ஏசி போட்ட ஆபீஸ், இரண்டு மானிட்டர், ஒரு மவுஸ். செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திரையில் விரித்து, வயலைச் சுற்றி ஒரு கோடு, ஏரியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று எழுத வேண்டும். ஷிப்டுக்கு இத்தனை என்று டார்கெட். ஒரகடத்தில் லைனில் நின்று கார் கதவு மாட்டுகிற பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உட்கார்ந்து செய்வதால் எங்களுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் அதிகம்.

வரைந்து முடித்ததும் யாராவது நேரில் போய்ப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதுதான் விதி. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் முறை வந்தபோது சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

"இது உன் ஊராச்சே. உனக்குத் தெரியாததா? வெயில்ல இன்னாத்துக்குப் போய்கினு? இங்கயே டிக் போட்டுடு."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம், அவரவர் ஊரை அவரவரே, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். பத்தாவது முடித்து ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து நான் பொங்கலுக்கும் சாவுக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவள். வயல் பக்கம் கால் வைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படம் மே மாதத்தில் எடுத்தது. அறுவடை முடிந்த நிலம் அந்த மாதத்தில் வேறெப்படி இருக்கும், காய்ந்துதான் கிடந்தது. தரிசு என்று எழுதினேன். நடுவில் பச்சையாக ஒரு திட்டு. முட்புதர் என்று எழுதினேன். 'உள்ளூர் நபரால் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்தத் திட்டு என் சித்தியின் கிணறு. நான் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் சித்தப்பா வெட்டியது. வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அடங்கல் கணக்கில் ஏற்றாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சுற்றிலும் வேலிக்காத்தான் மண்டி மேலே கவிந்திருந்ததால் படத்தில் தண்ணீர் தெரியவில்லை. ஆயில் இன்ஜினைத் தானே ஸ்டார்ட் செய்து, நெல்லும் வேர்க்கடலையும் போட்டு, யார் தயவும் இல்லாமல் பிழைத்துக்கொண்டிருந்தாள் சித்தி. போனில் அந்தக் கிணற்றைப் பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறாள். எந்த இடம் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போவதாக ஊருக்கு நோட்டீஸ் வந்தது. எங்கள் மேப்பில் தரிசு என்று இருக்கும் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். கிணறு வைத்துப் பயிர் செய்கிற நிலத்தை விட்டுவிடுவார்கள். சித்தியின் நிலம் எடுக்கிற பட்டியலில் இருந்தது. சர்வே நம்பரை ஆபீஸ் படத்தில் தேடிப் பார்த்தேன், நான் முட்புதர் என்று எழுதிய திட்டு அதற்குள்தான் இருந்தது. ஆட்சேபணை சொல்லும் நாளன்று, மேப்பு வேலை பார்க்கிறவள் என்று சித்தி என்னையே துணைக்குக் கூட்டிப்போனாள்.

அதிகாரி கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். நான் போட்ட கோடுகள்.

"இங்க கிணறே இல்லையேம்மா. உங்க ஊர் ஆளே பார்த்துச் சரின்னு சொல்லியிருக்காங்க."

"எவன் சார் அவன்? எங்க ஊர்ல பொறந்தவன் அப்பிடிச் சொல்வானா? வந்து எட்டிப் பாருங்க, தண்ணி கீது." சித்தி என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவ எங்க அக்கா பொண்ணு. இதே வேலைதான் பாக்குறா. இவளைக் கேளுங்க. நீ சொல்லுடி."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் நேரில் போகவில்லை சார் என்று சொன்னால் போதும். சொன்னால் நாற்காலியில் உட்கார்ந்து டிக் போட்ட மற்ற ஊர்களையும் கிளறுவார்கள், ஆபீசில் எல்லோரும் மாட்டுவோம், என் வேலை முதலில் போகும். பயந்தேன். அவ்வளவுதான், இதற்கு வேறு அலங்காரம் வேண்டாம்.

"படத்துல கெணறு தெரியல சித்தி," என்றேன்.

பொய் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேல் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

சித்தி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். ஆனால் சொன்னது நானாயிற்றே, படித்தவள், அக்கா மகள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். வெளியே பஸ் ஸ்டாப்பில், ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.  சித்தி கோபமே இல்லாமல், எனக்குத்தான் தெரியும் என்று நம்பி, என்னிடம் கேட்டாள்.

"அப்போ இத்தினி வருசமா நான் எதுலேர்ந்துடி தண்ணி எறைச்சேன்?"