எழுபதாவது நிமிடச் சண்டை

ஜொகூர் பாருவில் ஒரு தியேட்டரில் ஃபுளோர் சூப்பர்வைசராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அரை மணிக்கொரு தடவை ஹாலுக்குள் போய், சவுண்டும் ஏர்கோனும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். அதற்குப் பெயர் ஹால் செக். நான் அந்த நேரத்தைச் சண்டைக் காட்சிக்குத் தோதாக வளைத்துக்கொள்வேன்.

ஒரு பழிவாங்கும் படம் ஓடியது. எழுபதாவது நிமிடத்தில், ஒரு பெண்ணைச் சீண்டிய நாற்பது பேரை நாயகன் ஒற்றை ஆளாக மண்வெட்டியால் சாய்ப்பான். திரையெங்கும் ரத்தம். பதினெட்டு தடவை பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே வந்தால் தொந்தி கூட உள்ளே போனமாதிரி இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம், ஓர் ஆள் ஏழு வயது மகளோடு வந்து அந்தப் படத்துக்கு டிக்கெட் கேட்டார்.

"சாரி சார், பதினெட்டு வயசுக்கு மேல உள்ளவங்களுக்குத்தான்," என்றாள் கவுண்டரில் இருந்த கலா.

"அப்பன் நானே கூட்டிட்டு வந்திருக்கேன், நீ யாரு கேக்குறதுக்கு?" என்று கத்தியவர், கையிலிருந்த ஐஸ் காப்பியை அவள் மேல் வீசினார்.

பாப்கார்ன் மெஷினுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஆள் என்னைவிட ஒரு முழம் உயரம்.

வாக்கி டாக்கியில் கலா கூப்பிட்டாள். "மணியண்ணே, கொஞ்சம் வாங்கண்ணே!"

"ஹால் செக்ல இருக்கேன்லா. அஞ்சு நிமிஷம்."

சொன்ன பொய்யை உண்மையாக்க ஹாலுக்குள் ஓடினேன். சரியாக எழுபதாவது நிமிடம். மண்வெட்டி சுழன்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கை தட்டினேன்.

திங்கட்கிழமை அந்த ஆளிடமிருந்து புகார் வந்தது, கலா மரியாதை இல்லாமல் பேசினாள் என்று. கவுண்டர் கேமராவோ பழுது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சாட்சி இல்லன்னா அந்தப் பொண்ண நிறுத்திடுவாங்க, மணியம். நீங்க பாத்தீங்களா?"

அந்த நேரம் ஹாலில் இருந்ததாக லாக் புக்கில் என் கையெழுத்து. பார்த்தேன் என்றால், ஓடினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாற்பது பேரைச் சாய்த்தவனின் ரசிகனுக்கு ஆறு வரி ஸ்டேட்மெண்ட் எழுத ஒரு மணி நேரம் ஆனது. எழுதிக் கொடுத்தேன். கலாவின் வேலை தப்பியது. எனக்கு வார்னிங் லெட்டர்.

நன்றி சொல்வாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

"சட்டையில கறை இன்னும் போகலண்ணே," என்றாள். "அடுத்த தடவ கூப்பிட்டா பக்கத்துல வந்து நில்லுங்க, போதும். யாரையும் வெட்டவேணாம்."

இந்த மாதிரிப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். மற்றவர்களைப் பற்றித் தெரியாது. வெளியே வாய் திறக்காத நான்தான் உள்ளே பலமாகக் கை தட்டினேன்.

அதற்காகப் படம் பார்ப்பதை விட்டுவிடவில்லை. ஆனால் அதன்பிறகு, ஓய்வு பெறும்வரை, கலா கூப்பிட்டால், எழுபதாவது நிமிடமே ஆனாலும் வெளியே வந்து அவள் பக்கத்தில் நிற்பேன். முழங்கால் நடுங்கும். கவுண்டர் இடுப்பு உயரம் என்பதால் கஸ்டமருக்குத் தெரியாது.