வாசலில் தொங்கிய என் படம்

பெருந்துறையில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் வாசலில் என் படம் பிளெக்ஸில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. ப்ளஸ் டூ கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு. கீழே 'எங்கள் உழைப்பு, உங்கள் பிள்ளையின் வெற்றி' என்று எழுதியிருந்தார்கள். உழைத்தது அவர்களாம். தூக்கம் வராமலிருக்கப் பக்கெட் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தவள் நான்.

அப்பா தொழிற்பேட்டை மில்லில் நூல் மூட்டை தூக்கினார். தாத்தா காலம்வரை எங்கள் குடும்பம் தோட்டக்கூலி. வேலை முடிந்து வரும்போது தினமும் அந்தப் படத்தின் கீழே மொபெட்டை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "சார் இல்லாட்டி நீயும் களையெடுக்கப் போயிருப்பே கண்ணு" என்பார். சார் என்றால் கணக்கு வாத்தியார். பாராட்டு விழாவில் அவர் மைக்கைப் பிடித்து, "இவளை நான்தான் செதுக்கினேன்" என்றபோது அப்பா அழுதுவிட்டார்.

சார் செதுக்கிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை அவர் எங்களுக்குப் பிரித்தே காட்டவில்லை. இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடம்தான். அதுவும் புரிய வேண்டியதில்லை, வரி மாறாமல் எழுதினால் போதும். ஏன் சார் இப்படி வருகிறது என்று கேட்டால் ஸ்கேலால் விரல் முட்டியில் அடி விழும்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். முதல் வாரமே கணக்கு வகுப்பில் திருதிருவென்று விழித்தேன். "இதெல்லாம் ப்ளஸ் ஒன்லயே படிச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். செமஸ்டரில் ஃபெயில். அரியர் எழுதினேன், மறுபடியும் ஃபெயில்.

"சார் நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாரு. நீதான் ஹாஸ்டல்ல சேந்து கெட்டுப்போயிட்டே. இன்னொருக்கா ஃபெயிலானா படிச்சது போதும், மில்லுக்கு வந்துரு" என்றார் அப்பா. பாஸான போது ஊரே சேர்ந்து பாஸானது. ஃபெயிலானது மட்டும் நான் தனியாக.

லீவில் சாரைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் நடந்துகொண்டிருந்தது. என் படத்துக்குக் கீழேயே நின்று கெஞ்சினேன். "காலேஜ்ல கணக்குல ரெண்டு தடவை ஃபெயிலாயிட்டேனுங்க. ப்ளஸ் ஒன் கணக்கு மட்டும் சொல்லிக்குடுங்க சார். கொஞ்ச நாள் போதுங்க."

சார் அக்கம் பக்கம் பார்த்தார். "அட்மிஷன் முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே அம்மணி. நீ இப்ப என்ன பண்றேன்னு பேரண்ட்ஸ் யாராச்சும் கேட்டா ஸ்கூல் பேரு கெட்டுப்போயிரும். பின்னாடி கேட் வழியாப் போயிரு."

அன்றைக்கு அந்த ஆள் மேல் வந்த வெறுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கில்லை.

அதற்குள் மகளின் கையைப் பிடித்தபடி ஓர் அம்மா வந்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, அது நீங்கதானுங்களா? இங்க நல்லாச் சொல்லித் தர்றாங்களா?"

சார் பல்லைக் காட்டிக்கொண்டு என் பதிலுக்காக நின்றார்.

"ஒண்ணும் சொல்லித் தரமாட்டாங்க. ப்ளஸ் ஒன் பாடத்தையே நடத்தமாட்டாங்க. நான் காலேஜ்ல கணக்குல ஃபெயிலுங்க. உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருங்க."

சார் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அது இனித்தது.

அந்த அம்மா படத்தை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். "ப்ளஸ் டூவுல மார்க்கு வந்துச்சில்லீங்க?"

"வந்துச்சுங்க."

"அப்புறமென்னுங்க" என்று மகளை இழுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார். அந்தப் பெண் மட்டும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

கோயம்புத்தூர் திரும்பியதும் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகம் வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கணக்காக நானே போட்டுப் பார்த்தேன். தப்பாக வந்தால் அழுதேன், அடித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அரியரில் பாஸாகிவிட்டேன்.

ரிசல்ட் வந்த அன்று வீட்டில்தான் இருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அப்பா செல்போனை எடுத்து சாரைக் கூப்பிட்டார். அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"எல்லாம் நீங்க போட்ட அஸ்திவாரமுங்க சார்."